மீன்தொட்டியும் வெடிச்சத்தமும்

விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும், அங்கிருந்து சாத்தூர், வெம்பக்கோட்டை வரைக்கும் விரிந்து கிடக்கும் கரிசல் நிலத்தில் வாழ்பவர்களுக்குச் சத்தத்தைப் பற்றிய தனி அறிவு ஒன்று உண்டு. தொலைவில் ஒரு வெடிச்சத்தம் எழுந்தால், அது கல்குவாரியா, புதுச்சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார்களா, கோயில் பொங்கலா, அல்லது நடக்கக்கூடாதது நடந்துவிட்டதா என்பதைக் காது முதலில் பிரித்துக்கொள்கிறது. பிரிக்க முடியாதபோது மொட்டைமாடிக்கு ஏறி, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்க்கிறோம். பிறகு வீடுகளில் கைபேசிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. நெடுநாள் பழக்கத்தால் எங்கள் பக்கத்து மனங்களில் ஒரு சாய்வும் உண்டாகியிருக்கிறது. சுவரில் விரிசல் கண்டாலும், சினையாட்டுக்குக் கரு கலைந்தாலும், குழந்தை இரவில் அலறினாலும், தொட்டி மீன் தலைகீழாக நீந்தினாலும், முதலில் நினைவுக்கு வருவது வெடிதான். பல சமயம் அந்த நினைவு சரியாகவே இருந்துவிடுகிறது. சரியில்லாத சமயங்களைக் கண்டுகொள்வது கடினமாகிப்போவதும் அதனால்தான்.

மீன் தலைகீழாக நீந்துவதைப் பற்றி மட்டுமே இங்கே எழுத எண்ணுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரு தீங்கின் காரணத்தை எப்படித் தேடுகிறோம், தேடி முடிப்பதற்குள் பழி யார்மேல் விழுந்துவிடுகிறது என்ற கேள்விகள் கதை படிப்பவர்களுக்குப் புதியவை அல்லவே.

நாங்கள் இருவரும் விருதுநகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீன் வளர்த்து வருகிறோம். விற்பனைக்காக அல்ல, வீட்டில் ஓடும் பேச்சு சலித்துப்போகும் வேளைகளில் பேச்சில்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காகத் தொடங்கியது. காலப்போக்கில் மீன் வளர்க்கும் சிலர் எங்களைத் தேடி வரலானார்கள். சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில், இராப் பயணமாக வந்து சேரும் மீன்களை எப்படி இறக்குவது, எத்தனை நாள் தனியே வைப்பது என்று கேட்பார்கள். ஆனால் எங்கள் வீட்டு மணி அவசரமாக அடிக்கப்படும்போதெல்லாம் கேள்வி ஒன்றுதான்: “நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு ஏன் இப்படி நீந்துது?”

‘இப்படி’ என்ற அந்தச் சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. எப்படி என்று நிதானமாக விவரிக்க வைப்பது பாதி வைத்தியம். மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதென்றால் மூச்சுக்குத் தவிக்கிறது. நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அல்லது செவுள்கள் கெட்டிருக்கலாம். கல்லிலும் மணலிலும் விலாவை உரசிக்கொண்டு பாய்கிறதென்றால் தோலிலோ செவுளிலோ ஒட்டுண்ணி. உப்புத்தூள் தூவினாற்போன்ற வெண்புள்ளிகள் சில நாளில் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியில் மோதிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் பாய்ந்துவிட்டுப் பின் அடியில் சாய்ந்து கிடக்கிறதென்றால் தண்ணீரில் நஞ்சு. தன் உடலையே அச்சாக்கிச் சுழல்கிறதென்றால் நரம்பு மண்டலமோ உட்செவியோ தாக்குண்டிருக்கிறது. அதற்கும் நஞ்சு காரணமாகலாம், கிருமியும் காரணமாகலாம். தின்றவுடன் வயிறு மேலாக மிதந்து, சில மணி நேரம் கழித்துத் தானே நிமிர்கிறதென்றால் காற்றுப்பையின் கோளாறு. உருண்டை வடிவத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட தங்கமீன் வகைகளுக்கு இது அடிக்கடி வரும். அவற்றின் காற்றுப்பை உணவுக்குழாயோடு ஒரு சிறு குழலால் இணைந்திருக்கிறது. மிதக்கும் உலர்ந்த இரையை எட்டிப் பிடிக்கையில் காற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். குறுகிய உடலுக்குள் குடல் உப்பினால் பை நெருக்குண்டு நிலை தவறும். இரண்டு நாள் பட்டினியும், பிறகு ஊறவைத்த, அடியில் தங்கும் இரையும் பெரும்பாலும் போதும்.

விவரணை முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்போம். முதலாவது, ஒரு மீனா, எல்லா மீன்களுமா? எல்லாம் ஒரே நேரத்தில் தடுமாறினால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நாள்கணக்கில் விழுந்தால் தொற்று. ஒன்றே ஒன்று மட்டும் என்றால் அதன் உடலுக்குள்ளேயே ஏதோ கோளாறு. இரண்டாவது, எவ்வளவு நேரத்தில்? நிமிடங்களில் என்றால் குழாய்நீரின் குளோரின், கொசுமருந்து, திடீர்ச் சூடு அல்லது குளிர். மணிக்கணக்கில் என்றால் அம்மோனியா. நாள்கணக்கில் என்றால் நோய். மூன்றாவது, கடைசியாக மாறியது எது? இந்த மூன்றாம் கேள்விக்குத்தான் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ‘எது மாறியது’ என்று கேட்டால் ‘என்ன நடந்தது’ என்பதைச் சொல்வார்கள். நடந்தவற்றில் மறக்க முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வார்கள். பம்ப்பின் ஸ்பாஞ்சைக் கழுவியது எவருக்கும் ஒரு நிகழ்ச்சியாகத் தோன்றுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மறுநாள் காலை, திருத்தங்கலிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் எங்களுக்குப் பல காலமாகத் தெரிந்த பெரியவர். பட்டாசு ஆலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம்.

“மீனெல்லாம் கிறுகிறுத்துச் சுத்துது தம்பி. ரெண்டு செத்தும் போச்சு. பேரன் நேத்து ராத்திரி சன்னலுக்குக் கீழ ஒரு வெடியப் போட்டுட்டான். அந்தச் சத்தத்துல இப்படி ஆயிருச்சு. வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க.”

நாங்கள் போனபோது வீடு பண்டிகைக்கு மறுநாள் போல் இல்லை. பத்து வயதுப் பையன் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்பா கையால் அடி வாங்கியிருந்தான், காலையிலிருந்து சாப்பிடவில்லை. அந்தத் தங்கமீன்கள் எட்டும் அவன் பெயரால் வாங்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு பெயர் வைத்திருந்தான். தன் கையாலேயே அவற்றைக் கொன்றுவிட்டதாக அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவனும் அதை நம்பிவிட்டான்.

தொட்டியில் ஆறு மீன்கள் மீதமிருந்தன. நான்கு மேற்பரப்பில் தவித்தன. ஒன்று அடியில் பக்கவாட்டில் கிடந்தது. இன்னொன்று சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு தரைச்சக்கரம் போல் சுழன்று, மீண்டும் அசையாமல் நின்றது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. எங்களுக்கு முதலில் ஐயம் தந்தது அந்தத் தெளிவுதான். எட்டுத் தங்கமீன்கள் வாழ்ந்த தொட்டி அவ்வளவு தெளிவாக இருக்காது.

“தொட்டியக் கழுவுனது எப்ப அண்ணாச்சி?”

“முந்தாநாள் காலையில. வீட்டுக்கே வெள்ளையடிச்சாச்சு, இது மட்டும் பாசியோட கெடக்கலாமான்னு நானேதான் கழுவுனேன். கல்லு, பில்டரு எல்லாத்தையும் கொழாத் தண்ணியில அலசி, ஒரு பொட்டு அழுக்கு இல்லாம.”

“எந்தத் தண்ணி ஊத்துனீங்க?”

“போர்த் தண்ணிதான். நல்ல தண்ணி எங்க வருது.”

எங்கள் மாவட்டத்தின் தண்ணீர்க் கதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளங்க வேண்டும். விருதுநகருக்கு ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம், சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணை, இவற்றுக்கு மேல் தாமிரபரணியிலிருந்து குழாய்வழி வரும் நீர் என்று ஏற்பாடுகள் உண்டு. ஆயினும் குழாயில் நீர் நாள்விட்டு நாள் வருவதே பெரிது. வரும் நீரில் குளோரின் கலந்திருக்கும். மற்ற தேவைகளுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீர். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர்கள். வேதியியல்படி அவை இரண்டு வெவ்வேறு உலகங்கள். மீனுக்கு அந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை.

அப்போதுதான் அடுக்களை வாசலில் நின்ற மருமகள் பேசினார். “மாமா, முந்தாநாள் சாயங்காலமே அதுக இரை எடுக்கலையே. தண்ணி புதுசுல்ல, அதான்னு நெனச்சேன்.”

வழக்கு அந்த வாக்கியத்தில் முடிந்துவிட்டது எனலாம். பையனின் வெடி வெடித்தது தீபாவளியன்று இரவு. 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் தமிழகத்தில் பட்டாசுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று நேரம் வகுக்கப்பட்டிருந்ததால், அது எந்த மணியில் வெடித்தது என்பதிலும் ஐயமில்லை. மீன்கள் இரை மறுத்தது அதற்கு முந்தைய நாள் மாலை. காரியத்துக்குப் பின்னால் வரும் ஒன்று அதற்குக் காரணமாக முடியாது.

எங்கள் பையிலிருந்த சோதனைக் குப்பிகளில் தண்ணீரை எடுத்துச் சொட்டுமருந்து விட்டோம். அம்மோனியாவின் அளவைக் காட்டும் குப்பி சற்று நேரத்தில் கரும்பச்சையாக மாறியது. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவு. பி.எச். 8.4.

நடந்தது இதுதான். மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. பழகிய தொட்டியில் அது சேர்வதில்லை. ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் மண்ணிலிருந்து பிரித்தறிந்து காட்டிய நுண்ணுயிர் வகையின் உறவினர்களே இவை. நாம் பாசி என்றும் அழுக்கு என்றும் தேய்த்து எடுப்பதோடு இந்தக் கூட்டமும் போய்விடுகிறது. மிச்சத்தைக் குழாய்நீரின் குளோரின் முடித்துவிடுகிறது. மீண்டும் அது குடியேற நான்கிலிருந்து ஆறு வாரமாகும். அதுவரை தொட்டிக்குள் கழிவகற்றும் ஆளே இல்லை. அன்றைக்குப் பண்டிகை வேறு. வந்த விருந்தினரெல்லாம் மீனுக்கு ஒரு பிடி இரை போட்டார்கள். உண்ணாமல் கிடந்த இரையும் அழுகி அம்மோனியாவாயிற்று.

இதில் போர்த்தண்ணீரின் பங்கு இன்னொன்று. நீரிலுள்ள அம்மோனியா இரண்டு உருவில் இருக்கிறது. ஒன்று பெரிதும் தீங்கற்ற அயனி. மற்றது செவுளைத் தாண்டி உள்ளே நுழையும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சுருவில் இருக்கும். பி.எச். 8.4 என்றால் நூற்றில் பதினைந்து பங்கு நஞ்சு. அதே அழுக்கு, அதே மீன். தண்ணீர் மாறியதும் நஞ்சு பத்து, இருபது மடங்காகிறது. அது மூளைக்கு ஏறும்போது மீன் துடிக்கிறது, சமநிலை இழக்கிறது, சுழல்கிறது.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். இரையை நிறுத்தினோம். வாளிகளில் பிடித்து வைத்து ஒருநாள் ஆன நல்ல தண்ணீர் அந்த வீட்டிலேயே இருந்தது. அதைக் கொண்டு தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மெல்ல மாற்றினோம். காற்றுக் குழாயை இரண்டாக்கினோம். மாலையில் விருதுநகருக்குத் திரும்பி, எங்கள் பழைய தொட்டியில் ஆறு ஆண்டாக ஓடும் ஸ்பாஞ்சில் பாதியை அறுத்து, அதே நீரில் நனைத்தபடி பையில் கொண்டுபோய் அவர் பில்டரில் பொருத்தினோம். பிறகு வரும் நாட்களில் நைட்ரைட் உயரும், அது இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும் என்பதால், தூத்துக்குடிக் கல்லுப்பை லிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் கரைத்து விடச் சொன்னோம். உப்பிலுள்ள குளோரைடு, செவுளின் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். மீதமிருந்த ஆறில் ஒன்று அன்றிரவே இறந்தது. ஐந்து பிழைத்தன.

நாங்கள் அம்மோனியாக் குப்பியைக் காட்டி விளக்கி முடித்தபோது அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

“எய்யா, இங்க வா. ஒன் வெடியால இல்ல. தாத்தா கழுவுனதுலதான் செத்திருக்கு. வந்து சாப்பிடு.”

பையன் வந்தான். ஆனால் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தத் தாத்தா பொய் சொல்கிறார் என்றே நினைத்தான் போலும். வெடி வெடித்ததும் மீன்கள் சிதறிப் பாய்ந்ததை அவன் கண்ணால் கண்டிருந்தான். “வெடிச்சதும் ஓடுச்சே?” என்று எங்களிடம் கேட்டான். அந்தக் கேள்வியை நாங்கள் மதித்தோம். அதற்கு ஒழுங்கான விடை தரப்பட வேண்டும்.

மீன்கள் கேட்கின்றன, அதிலும் தங்கமீன் நன்றாகக் கேட்கிறது. தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மீன்களின் காற்றுப்பையிலிருந்து உட்செவி வரை சிறு எலும்புகளாலான ஒரு சங்கிலி செல்கிறது. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வெபர் 1820இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அந்த எலும்புகள் வழங்குகின்றன. ஒலி நீரில் பரவி வரும்போது காற்றுப்பை பறைபோல் அதிர்கிறது. எலும்புகள் அந்த அதிர்வைச் செவிக்குக் கடத்துகின்றன. நிமிர்ந்து நீந்த உதவும் அதே உறுப்பு கேட்கவும் உதவுகிறது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நீருள் தொடர்ந்த பேரிரைச்சலில் வைக்கப்பட்ட தங்கமீன்களின் கேள்திறன் பத்தே நிமிடங்களில் குறையத் தொடங்கியதைக் காட்டியது. கிணற்றுக்குள்ளோ கண்மாய்க்குள்ளோ தோட்டா போட்டு மீன் பிடிக்கும் கொடுமையை நம் பக்கத்துப் பெரியவர்கள் அறிவார்கள். நீருக்குள் வெடிக்கும்போது அந்த அழுத்த அலை காற்றுப்பையையே கிழித்துவிடுகிறது. ஆகவே வெடிக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வெடி காற்றில் வெடித்தால் கதை வேறு. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பைத் தொடும்போது அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழைகிறது. மீதி திரும்பிப் போய்விடுகிறது. சுவர், மேசை, கண்ணாடி வழியாக வரும் அதிர்வைத்தான் மீன் முக்கியமாக உணர்கிறது. உணர்ந்ததும், மூளையின் அடியிலுள்ள ஒரு சோடிப் பெரு நரம்பணுக்கள் உடலை வில்லாக வளைத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதைப் பாயவைக்கின்றன. பகையிடமிருந்து தப்ப இயற்கை தந்த அனிச்சை அது. நலமாயிருக்கும் மீன் அப்படிப் பாய்ந்துவிட்டு, சற்று நேரத்தில் அடங்கிப் பழையபடி நீந்தும். இரவெல்லாம் சுழன்று சாகாது. மீண்டும் மீண்டும் அதிர்ச்சி தந்தால் நோயெதிர்ப்புக் குறையும் என்பது உண்மை; அதன் விளைவு நாட்கள் கழித்துத் தெரியும், அதுவும் வேறு குறிகளோடு.

“ஓடுச்சு, சரிதான். ஓடத் தெம்பு இருந்ததாலதான் ஓடுச்சு. ஆனா அதுக்கு முந்தின நாளே அதுக்கு உடம்பு சரியில்ல” என்று பையனிடம் சொன்னோம். “நெசமாவா?” என்றான். மருமகள் தான் பார்த்ததை மறுபடியும் சொன்னார். அம்மா சொன்னதைத்தான் அவன் நம்பினான். பிறகு சாப்பிட்டான்.

தேநீர் குடிக்கும்போது அண்ணாச்சி தன் வேலையைப் பற்றிப் பேசினார். அவராகவே தொடங்கினார், நாங்கள் கேட்கவில்லை.

“எங்க பயர் ஆபீசுலயும் இதே கததான் தம்பி. மருந்து செலுத்தும்போது உராய்வுன்னு எழுதிருவாங்க. செலுத்துனவன் செத்திருப்பான். அவன்கிட்ட யாரு கேக்கிறது? மொத நாள் மருந்த மிச்சம் வச்சவன் யாரு, மழை ஈரத்துல அத மூடாம போட்டவன் யாரு, சீசன் நெருக்குதுன்னு ரூமுக்கு மிஞ்சி ஆள உக்கார வச்சது யாரு? அதெல்லாம் சத்தம் போடாதுல்ல.”

மருந்து என்பது இங்கே வெடிக்கலவையைக் குறிக்கும் சொல். வள்ளுவர் அதே பெயரிட்ட அதிகாரத்தில், நோயைத் தெளிந்து, அதன் மூலத்தைத் தேடி, அதன் பிறகே தணிக்கும் வழியை நாடச் சொல்கிறார். எங்கள் ஊரின் மருந்துக்கும் அந்த வரிசைதான் தேவைப்படுகிறது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தனக்குள்ளேயே மெல்லச் சூடேறும். இரவெல்லாம் அப்படிக் கிடந்த கலவையை மறுநாள் காலை ஒருவர் தொடுகிறார். வெடித்தது அவர் கையில். அறிக்கையில் எழுதப்படுவதும் அவர் கை. உராய்வு பொய்யில்லை, அது கடைசிக் கணம். அதற்கு முந்தைய பதினெட்டு மணி நேரத்துக்கு ஓசை இல்லாததால் சாட்சியும் இல்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தனர். இவை இரண்டும் நாடறிந்தவை. ஒருவர், இருவர் என்று இறக்கும் விபத்துகள் மாவட்டச் செய்திப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. உரிமம் ஒருவர் பெயரில், உற்பத்தி குத்தகைக்காரர் கையில், வேலை பீஸ் கணக்கில் என்று நீளும் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கச் செய்திக்கும் இடமில்லை, அறிக்கைக்கும் பொறுமையில்லை. இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் தொட்டி தெளிந்துவிடுகிறது.

இந்த மனச்சாய்வு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்பார்கள். அந்தப் பெரிய ஜப்பானின் மினமாட்டாவில், 1950களில், விரிகுடாவின் மீன்கள் செத்து மிதந்தன. அவற்றைத் தின்ற பூனைகள் தள்ளாடிச் சுழன்று கடலில் விழுந்தன. பிறகு மனிதர்கள் நடுங்கத் தொடங்கினர். 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. மூலம் ஆலைக்கழிவிலிருந்த பாதரசம். ஆனால் 1959இல் அந்நாட்டு வேதித்தொழில் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், போர் முடிவில் விரிகுடாவில் கொட்டப்பட்ட வெடிமருந்தே காரணமாக இருக்கலாம் என்று ஒரு வாதத்தை முன்வைத்தார். வெடிமருந்து என்றதும் மனம் நம்ப விழைகிறது. ஆலையின் குழாயோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று.

ஒரு மீன்தொட்டியை இவ்வளவு பெரிய துயரங்களோடு ஒப்பிடுவது மிகையென்று தோன்றலாம். அளவில் ஒப்பிடவில்லை. வழியைத்தான் சொல்கிறோம். காலவரிசையை எழுது, எல்லோருக்குமா ஒருவருக்கா என்று பார், கடைசியாக மாறியதைத் தேடு, கழுவியவரையும் கேள், அடுக்களையில் நிற்பவரையும் கேள். இவ்வளவுதான். அன்று அந்த வீட்டில் உண்மை தெரிந்திருந்தவர் ஒருவர். அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இப்போது அண்ணாச்சி வீட்டுச் சுவரில், சிவகாசியிலேயே அச்சான மாதக் காலண்டர் ஒன்று மீன்தொட்டிக்கென்றே தொங்குகிறது. தண்ணீர் மாற்றிய நாள், எவ்வளவு, எந்தத் தண்ணீர், ஸ்பாஞ்சைப் பழைய தொட்டிநீரிலேயே பிழிந்து வைத்த நாள் என எல்லாம் போர்மேன் கையெழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தைய வாரத்தில் ‘கழுவக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதுகிறார். பேரன் வெடி போடுகிறான், சற்றுத் தள்ளிப் போய்.

பிழைத்த ஐந்தில் ஒன்று மட்டும் இன்றுவரை வலப்பக்கம் சாய்ந்தே நீந்துகிறது. நன்றாகத் தின்கிறது, வளர்கிறது, நிறமும் குறையவில்லை. உட்செவி அப்போதே சேதமாகியிருக்கலாம். காற்றுப்பை பிறவியிலேயே கோணலாக இருந்திருக்கலாம். நாங்கள் கடைசியாகப் போனபோது, அதற்கு எதிரே காலண்டரில் என்ன எழுத என்று அண்ணாச்சி கேட்டார். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதச் சொன்னோம். பேனாவைப் பேரனிடம் கொடுத்தார், அவன் எழுதினான்.